மனுதாரர் பெயர் ராக்கு

பூமயில் அடிக்கிற மனுவில் ஓர் எழுத்துப்பிழை கண்டுபிடிக்க முடியாது என்று உச்சிப்புளி வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஹமீதின் ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருந்த பத்துக்குப் பத்து அறைதான் அவள் கடை. முதியோர் பென்சன் கேட்பவர்கள், பட்டா மாற்ற வேண்டியவர்கள், வளைகுடாவுக்குப் போக பயோடேட்டா வேண்டும் என்று வருகிறவர்கள், கடலில் படகை இழந்தவர்கள் என்று எல்லாரும் அந்த அறையின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். சொல்லத் தெரியாமல் சொல்வார்கள். பாதியில் அழுதுவிடுவார்கள். பூமயில் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் விட்டுப்போகலயே?" என்பாள். அதன்பின் அடிக்க ஆரம்பித்தால் கடைசி வரி வரை கை நிற்காது.

அவள் உத்தரகோசமங்கைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் விவசாய வீட்டில் பிறந்தவள். 1974இல், பள்ளிப் படிப்பு முடிந்து நாலு வருஷம் வயல்வேலை பார்த்த பிறகு, ராமநாதபுரத்துக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போனாள். மழை பொய்த்த வருஷம் அது. வயலில் வேலை இருந்திருந்தால் அவளுடைய அய்யா விட்டிருக்க மாட்டார். தமிழில் ஹையர், ஆங்கிலத்தில் லோயர் இரண்டும் பாஸானாள். உச்சிப்புளியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சோணைமுத்துவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. கோயில் அம்மன் பெயரையே வைத்து மங்களேஸ்வரி என்று கூப்பிட்டார்கள்.

மங்களேஸ்வரிக்கு ஒன்பது வயதாகும்போது, பரமக்குடிக்கு அந்தப் பக்கம் லாரி கவிழ்ந்து சோணைமுத்து செத்துப்போனான். கடை போட்டு அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மூடிவிட்டு ஊருக்கு வந்துவிடச் சொல்லிக் கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பூமயில் போகவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தாள். அன்றைக்கு முதன்முதலாக அவள் அடித்தது தன் புருஷனுடைய வாரிசுச் சான்றுக்கான மனு. அதிலும் பிழை இல்லை.

1999இல் டைப்ரைட்டரைத் தள்ளி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். நாற்பத்தாறு வயது. மங்களேஸ்வரி அப்போது மதுரையில் படித்துக்கொண்டிருந்தாள். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. விண்டோஸ் 98 போட்ட அந்த மெஷினைப் பூமயில் தானே தட்டித் தடவி நாற்பது நாளில் கைக்குள் கொண்டுவந்தாள். விடுமுறைக்கு வந்த மகளிடம், "பழைய மிசினுல தப்பா அடிச்சா தாளு போச்சு. இதுல என்னத்த அடிச்சாலும் அழிச்சுக்கிரலாம். ஆனா அழிச்சுக்கிரலாமுன்னு நெனச்சு அடிச்சா கை கெட்டுப்போகும்" என்றாள்.

ஏழு வருஷம் அந்த மெஷின் ஓடியது. 2006 புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடிமழையில் கருகிப் போனது.

மங்களேஸ்வரி அதற்குள் கல்யாணமாகி ராமநாதபுரத்தில் குடியிருந்தாள். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். ராமநாதபுரத்துக் கடையிலேயே புது மெஷின் ஒன்றைப் பார்த்து வாங்கி, விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அம்மா பழகிய தமிழ் எழுத்துகளையும் அதில் ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

"கீபோர்டு அதே மாதிரிதாம்மா. ஒன் விரலுக்கு ஒண்ணும் மாறாது. தெறக்குறது, சேவ் பண்ணுறது, பிரிண்டு எடுக்குறது மட்டும் கொஞ்சம் வேற எடத்துல இருக்கும். ஒரு மணி நேரத்துல பழகிரும்."

பூமயில் திரையைப் பார்த்தாள். பச்சை மேடும் நீல வானமும் தெரிந்தன. "இது என்ன புல்லுக்காடு? நம்ம படம் எங்க?"

"நம்ம படம்" என்று அவள் சொன்னது டெஸ்க்டாப்பில் வரிசையாக இருந்த குறிகளை. மங்களேஸ்வரி சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மனுக்களை எங்கே வைப்பது, பழைய மனுவைத் திறந்து புதுப் பெயரில் எப்படிச் சேமிப்பது, எல்லாம் காட்டினாள். பூமயில் நன்றாகத்தான் தலையாட்டினாள். சாயங்காலம் அணைக்கச் சொன்னபோது அணைத்தாள். திரை இருண்டது. பூமயில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"மஞ்ச எழுத்து வரலயே."

பழைய மெஷினில், இனி சுவிட்சை அணைக்கலாம் என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். வந்த பிறகுதான் அவள் எழுந்திருப்பாள். "இது தானாவே அணைஞ்சுரும்மா. அந்த எழுத்தெல்லாம் இதுல வராது" என்றாள் மகள். பூமயில் எழுந்து சாவியை எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மங்களேஸ்வரி வந்தபோது, அம்மா ஆறு நாளும் மெஷினை அணைக்கவே இல்லை என்று தெரிந்தது. அணைக்கும் குறியை அமுக்காமலே, அந்த எழுத்து வரட்டும் என்று காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். போன வாரம் சொன்னதெல்லாம் கரைந்து போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒரு நீள நோட்டு வாங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். அம்மா நோட்டைத் திறந்து முதல் வரியை வாசித்து அதன்படி செய்வாள். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் முதல் வரியைச் செய்தோமா என்ற சந்தேகம் வந்து, திரும்ப முதல் வரிக்கே போவாள்.

மங்களேஸ்வரிக்கு ஆத்திரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் இதைப் பத்து நிமிடத்தில் செய்தார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் இந்த பஸ், இந்தப் பெஞ்சு, இந்தப் புழுக்கம். அம்மா முயற்சி எடுக்கவில்லை என்றுதான் நினைத்தாள். புதுசு பிடிக்கவில்லை, அதனால் வேண்டுமென்றே அடம்பிடிக்கிறாள்.

மார்கழியில் ஒரு நாள், மவுஸைப் பிடித்திருந்த அம்மாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தி இழுத்தாள். "இங்கன! இங்கன வை! எத்தன தடவம்மா சொல்லுறது? ஒன்னாங்கிளாஸ் புள்ள செய்யுது. நீ ஏன் வேணுமின்னே பண்ணுற?"

பெஞ்சில் ஒரு பெரியவர் தன் மனுவுக்காகக் காத்திருந்தார். அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். பூமயில் கையை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இந்தப் புது மிசினுக்கும் எனக்கும் ஆகல, மங்களம்" என்றாள். "கண்ணும் சரியில்ல. கண்ணாடி மாத்தணும்."

அந்தப் பேச்சை மங்களேஸ்வரி பிடித்துக்கொண்டாள். மெஷின்தான் காரணமென்றால் மெஷினை மாற்றிவிடலாம். பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து, அம்மா வருவதற்குள் உட்கார்ந்து, எக்ஸ்பியின் முகத்தைப் பழைய முகமாக மாற்றினாள். புல்லுக்காடு போனது. பழைய பச்சை கலந்த நீலம் வந்தது. சாம்பல் நிறப் பட்டை, பழைய பட்டியல், குறிகள் பழைய வரிசையில். தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே ஏழு வருஷம் பின்னால் போன மாதிரி இருந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று தன்னைத் திட்டிக்கொண்டாள்.

பூமயில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு மிசினு?" என்றாள்.

மங்களேஸ்வரி, அம்மா விளையாடுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று.

அதே காலையில்தான் ராக்கு வந்தாள்.

ராக்கு வடக்குக் கடற்கரைக் குடியிருப்புக்காரி. புருஷன் இல்லை. ஒரே மகன் குருநாதன், இருபத்து நான்கு வயது, நாட்டுப்படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், போன கார்த்திகையில் வாடைக்காற்று வீசிய ஒரு நாள் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப் போனவர்களில் இரண்டு பேர் பலகையைப் பிடித்து நீந்தி வந்தார்கள். குருநாதனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. உதவித்தொகை கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று யாரோ சொல்லி, ராக்கு பூமயிலிடம் வந்திருந்தாள். இருபது வருஷமாக அவள் வீட்டு மனு எல்லாம் பூமயில் அடித்ததுதான்.

"மறுபடி திருப்பி விட்டுட்டாக, பூமயிலு" என்று சொல்லி, மடித்த தாளை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து நீட்டினாள். "வெவரம் சரியில்லையாம். இது ரெண்டாந்தடவ."

தாளை மங்களேஸ்வரி வாங்கிப் பிரித்தாள். அழகான அச்சு. ஓரம் சமமாக, வரிகளுக்கு நடுவே இடைவெளி சரியாக இருந்தது. ஓர் எழுத்துப்பிழை இல்லை. மனுதாரர் பெயர் குருநாதன். தன் தாயார் ராக்கு என்பவர் கார்த்திகை மாதம் நாட்டுப்படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பி வரவில்லை என்றும், ஆதரவற்ற தனக்கு உதவி செய்ய வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொண்டிருந்தான். கீழே ராக்குவின் பெருவிரல் ரேகை.

மங்களேஸ்வரி தாளை இன்னொரு முறை வாசித்தாள். பழைய மனு ஒன்றைத் திறந்து பெயரை மாற்றும்போது இடம் மாறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அம்மா, இதுல பேரு மாறியிருக்கு. புதுசாவே அடிச்சிரு. பழசத் தெறக்க வேணாம்" என்றாள். குரலைத் தணித்து, ராக்குவுக்குக் கேட்காதபடி, யார் காணாமல் போனது, யார் மனுக் கொடுக்கிறார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அம்மாவின் முன்னால் வைத்தாள்.

பூமயில் அடித்தாள். விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. மகள் பின்னால் நின்று திரையில் எழுத்துகள் முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்புநர். குருநாதன். பெறுநர். பொருள். என் தாயார் ராக்கு.

"அம்மா, நிறுத்து."

பூமயில் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை அடித்து முடித்தாள்.

"நான் பொறவு வாரேன்" என்று ராக்கு எழுந்தாள். அவசரமாக, யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்பவளைப் போல, திருப்பி விடப்பட்ட தாளை மட்டும் மறுபடி வாங்கி முடிந்துகொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.

அடுத்த கடையிலிருந்து ஹமீது இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் வந்து வாசலில் நின்று, கையால் மங்களேஸ்வரியை வெளியே கூப்பிட்டார். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், அவருடைய மேசையருகில் போய் நின்றார்கள்.

"மகளே, ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. அல்லா மன்னிக்கட்டும். ஒங்கம்மாவுக்கு ஒடம்புல என்னமோ இருக்கு. அடிச்சு முடிச்சதும் எங்கிட்டதான் கொண்டாருவாக. கண்ணு தெரியல, ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க ஹமீதுன்னு. பேரு மாறியிருக்கும். தேதி மாறியிருக்கும். ஒரே பாராவ ரெண்டு தடவ அடிச்சிருப்பாக. நான் பென்சில்ல குறிச்சுக் குடுப்பேன். நான் கடையில இல்லாத நேரத்துல போனதுதான் இப்படிப் போயிருக்கு."

"புது மிசினு வந்ததுலருந்தா, மாமா?"

ஹமீது தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல புள்ள. அதுக்கு ஒரு வருஷம் முந்தியே."

மங்களேஸ்வரி அவருடைய மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே, பக்கத்துக் கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. இருபதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனையிலும் அவள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எந்தக் குறியை எங்கே அமுக்குவது என்பதைத்தான்.

மறு வாரம் மதுரைக்கு டாக்டரிடம் காட்டப் போனார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பூமயில், பார்த்திபனூர் தாண்டியதும், கேட்காமலே பேசினாள்.

"எனக்குத் தெரியும் மங்களம்."

"என்னம்மா தெரியும்?"

"முதல்ல பழைய மிசினுலதான் வந்துச்சு. ஒரு நாளு, ஒருத்தர் பேரக் கேட்டுட்டு அடிக்கப் போறேன், பேரு இல்ல. மறுபடி கேட்டேன். மறுபடி இல்ல. வீட்டுக்குப் போய்க் கதவச் சாத்திக்கிட்டு ஒக்காந்துட்டேன். பொறவு அந்த மிசினு எரிஞ்சுச்சுல்ல, அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. புதுசு வந்தா, புதுசாலதான்னு சொல்லிக்கிரலாமுல்ல. நீயும் நம்புன. வஞ்சாலும் நம்புன."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கடையப் பூட்டிருவ."

அது நியாயம்தான். பூட்டியிருப்பாள்.

டாக்டர் பொறுமையானவர். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாடு, சாவி, மல்லிகை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பிறகு அந்த மூன்று சொற்களைக் கேட்டார். பூமயில் மரியாதையாக, "நீங்க ஒண்ணும் சொல்லலயே சார்" என்றாள். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் மங்களேஸ்வரியைத் தனியாக அழைத்து, மறதி நோய் இந்த வயதில் வருவது குறைவுதான், ஆனால் இந்த வயதில் வந்தால் வேகமாகப் போகும் என்றார். நினைவு திரும்பி வராதா என்று அவள் கேட்டாள். வராது என்றார்.

சித்திரையில் கடையைப் பூட்டி, அம்மாவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துக்கு அது கோடை விடுமுறை. புருஷன் பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்தான். மங்களேஸ்வரி மட்டும் மறுபடி உச்சிப்புளிக்கு வந்து, பூட்டிய கடையைத் திறந்து, அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மெஷினில் இருந்த மனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தன. ஹமீது குறித்துக் கொடுத்துத் திருத்தியவை போக, பத்தொன்பது தப்பாகவே வெளியே போயிருந்தன. வேலி இல்லாத இடத்தில் வேலித் தகராறு. செத்துப் பத்து வருஷமான ஆளுக்கு முதியோர் பென்சன். எல்லாம் சுத்தமான தமிழில், முறையான வரிசையில், பணிவுடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. பழைய மெஷினில் இருந்ததெல்லாம் எரிந்துபோய்விட்டது. அவற்றில் எத்தனை தப்பு இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

பத்தொன்பதையும் சரியாக அடித்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். சிலர் வேறு இடத்தில் ஏற்கெனவே அடித்துக்கொண்டுவிட்டார்கள். சிலர், பூமயில் அடித்ததில் தப்பு வராது என்று நம்பி இன்னும் காத்திருந்தார்கள். புதுமடத்தில் சுஐபு என்பவனுடைய பயோடேட்டாவில் பாஸ்போர்ட் எண் மாறிப்போயிருந்தது. அவனுக்கு வர வேண்டிய வேலை வேறொருவனுக்குப் போய், அவன் கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மங்களேஸ்வரி போனபோது அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவி சாலிஹா தாளை வாங்கி வாசித்தாள்.

"இத இப்பக் கொண்டாந்து என்னத்தச் செய்ய?" என்றாள்.

"எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைங்க. தெரியாம நடந்துபோச்சு."

"அது சரி. எனக்கும் தெரியாமத்தான் நடந்துச்சு." கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஓங்கி அடித்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று மங்களேஸ்வரிக்குத் தோன்றியது.

ராக்குவின் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள் என்பதுதான் உண்மை. தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஓலைவீடு. ராக்கு வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். மங்களேஸ்வரியைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பூமயிலுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஹமீது சொல்லிவிட்டிருக்கிறார்.

"பெரியம்மா, மனுவச் சரியா அடிச்சுக் கொண்டாந்துருக்கேன். வாசிச்சுக் காட்டுறேன். இதுல ரேக வச்சுக் குடுத்தீகன்னா, நானே கொண்டுபோய்க் குடுத்துருவேன்."

"வாசிக்க வேணாம்" என்றாள் ராக்கு.

"தப்பு இருக்கான்னு பாக்கணுமுல்ல."

"இதுல தப்பு இருக்காதுன்னு தெரியும். அதான் வாசிக்க வேணாங்குறேன்."

மங்களேஸ்வரிக்குப் புரியவில்லை. ராக்கு உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துவந்தாள். மடித்த இடங்களில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"மொதத் தடவ அடிச்சதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. திருப்பி விட்டாக. ரெண்டாந்தடவ அடிச்சத வாங்கிட்டு வரும்போது, எதுத்த வீட்டுப் புள்ளகிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். அது வாசிச்சுப்புட்டு சிரிச்சிருச்சு. ஆத்தா, நீ கடல்ல போயிட்டியாம், குருநாதன் உசுரோட இருந்து ஒனக்காக மனு எழுதுறானாம் அப்படின்னுச்சு." அவள் தாளைத் தடவினாள். "பூமயிலுகிட்டப் போய் மாத்திக் கேட்டிருக்கலாம். மனசு வரல, தாயி. அப்படியே கொண்டுபோய்க் குடுத்தேன். அவன உசுரோட வச்சு, என்னயச் சாகடிச்சு, அம்புட்டு அழகா யாரு எழுதித் தருவா? தெனமும் நான் அதத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்."

மங்களேஸ்வரி கையில் இருந்த புதுத் தாளைப் பார்த்தாள். மனுதாரர் பெயர் ராக்கு. என் மகன் குருநாதன். அதை நீட்ட அவளுக்குக் கை வரவில்லை. மணலில் உட்கார்ந்து அழுதாள். கடையில் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தியது முதல் அதுவரை அவள் அழவே இல்லை.

ராக்கு, அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "குடு. மைய எடு" என்றாள். பெருவிரலை அவளே மையில் ஒற்றி, மங்களேஸ்வரி காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள். பிறகு அந்த விரலைச் சேலையில் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவுக்குப் பதில் வர எட்டு மாதம் ஆனது. கடிதம் மங்களேஸ்வரியின் முகவரிக்கு வந்தது. காணாமல் போனவரின் உடல் கிடைக்காததால், ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் இறந்ததாகக் கருத முடியும். அதன்பின் உரிய சான்றுடன் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு போய் ராக்குவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"அப்ப அவன் இன்னும் சாகலங்குறாகளா?"

"சட்டத்துல அப்படித்தான் பெரியம்மா. இன்னும் ஆறு வருசத்துக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு ராக்கு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று மங்களேஸ்வரிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அந்த மூன்று மனுக்களும், அவ்வளவு நடையும், சரியாக அடித்திருந்தாலும் இதே பதிலுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். அதை நினைத்து அவளுக்கு ஆறுதல் வரவில்லை.

பூமயில் அதற்குப் பிறகு அதிக நாள் பேசவில்லை. முதலில் மருமகன் பெயர் போனது. பிறகு தெரு. பிறகு மகள். கையில் எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொண்டே இருப்பாள், வாங்கினால் பதறுவாள். கடையை ஹமீது ஒரு செல்போன் கடைக்காரனுக்குப் பேசி வாடகைக்கு விட்டார். கம்ப்யூட்டரை மங்களேஸ்வரி பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டில் அது இருக்கும் இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை. யாராவது, "அம்மாவுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே" என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

2009 ஆடியில் பூமயிலுக்குக் காய்ச்சல் வந்தது. விழுங்குவதை மறந்துவிட்டாள், சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்தாம் நாள் விடியும்போது போய்விட்டாள்.

காரியத்துக்கு உச்சிப்புளியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். ஹமீது முதல் நாளிலிருந்தே கூட இருந்தார். ராக்கு பதினாறாம் நாள் மதியம் பஸ்ஸில் தனியாக வந்தாள். பந்தலில் உட்காராமல் சுவரோரமாக நின்றாள். மங்களேஸ்வரி போய்க் கையைப் பிடித்தாள்.

கொஞ்சம் கழித்து ராக்கு கேட்டாள்: "ஒங்காத்தாளுக்கு எறப்புச் சர்டிபிகேட்டுக் குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாக பெரியம்மா. மறு வாரமே."

ராக்கு தலையை ஆட்டினாள். சாப்பிடச் சொன்னதற்கு, மூன்று மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் கடற்கரைக்கு வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.